மார்செய்ல ஒரு வீடு விலைக்கு

பிரான்ஸ்ல மார்செய் ஊர்ல லே கார்பூசியேங்கிற ஆர்க்கிடெக்ட் கட்டின யூனிதேங்கிற அடுக்குமாடி பில்டிங்ல ஒரு டூப்ளெக்ஸ், அதாவது ரெண்டு மாடி வீடு, விலைக்கு வந்திருக்கு, பார்த்ததுல இருந்து மனசு அங்கயே நிக்குது. நம்ம சண்டிகரை பிளான் பண்ண அதே ஆளுதான். பில்டிங் 1952ல முடிஞ்சது, மொத்தம் 337 வீடு. இந்த வீட்டோட அகலம் வெறும் 3.66 மீட்டர், ஆனா கிழக்குல இருந்து மேற்கு வரைக்கும் நீளமா ஓடுறதால காலை வெயிலும் கிடைக்கும் சாயங்கால வெயிலும் கிடைக்கும், ரெண்டு மாடி வீடுங்க காரிடாருக்கு மேலயும் கீழயும் கோத்த மாதிரி இருக்கறதால காரிடார் மூணு மாடிக்கு ஒண்ணு போதும். எனக்கு ரொம்ப புடிச்சது பசங்க ரூம்தான், ரெண்டு ரூமுக்கும் நடுவுல தள்ளுற கதவு, அதுவே கரும்பலகை! மொட்டை மாடில குட்டி நீச்சல் குளம் வேற. 2016ல இந்த பில்டிங்கை யுனெஸ்கோ உலக பாரம்பரிய லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க. வாங்குறவங்க தயவுசெஞ்சு அந்த பழைய கிச்சனையும் கரும்பலகையையும் பேத்து எடுத்துடாதீங்க, வீட்டோட உயிரே அதுலதான் இருக்கு.