1952இல் இந்த ‘லை’ எங்கிருந்து வந்தது?

சினிமாவில் பழைய காலத்துக் கதை என்றால் எல்லோரும் காரைப் பார்ப்பார்கள், புடவைக் கட்டைப் பார்ப்பார்கள். என் கண் நேராகக் கடைப் பலகைக்குப் போய்விடும். 1970களில் அச்சாபீசில் கம்பாசிட்டராகச் சேர்ந்தவன் நான். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த கண் சும்மா இருக்காது.

அண்மையில் பார்த்த படத்தில் கதை நடப்பது 1952இல். தெருவில் ட்ராம் ஓடுகிறது. சென்னையில் ட்ராம் நின்றது 1953இல்தான் என்பதால் அது சரி. ட்ராமை விட்டு நாயகன் இறங்குகிறார், பின்னால் ஒரு பலகை: ‘வெற்றிலை பாக்குக் கடை, சென்னை - 600 001’. பின்கோடு வந்தது 1972இல். அதற்கு முன் ‘சென்னை - 1’ என்பதோடு முடிந்துவிடும். பக்கத்திலேயே சோடா 10 பைசா என்று இன்னொரு பலகை. ரூபாய்க்கு நூறு பைசா என்று ஆனது 1957 ஏப்ரலில். அதுவரை அணாக் கணக்குதான்.

இவற்றையாவது விட்டுவிடலாம். வெற்றிலையில் இருக்கும் லையும் சென்னையில் இருக்கும் னையும்தான் என்னைப் படம் பார்க்க விடவில்லை. அன்று லை, னை, ளை, ணை நான்குக்கும் முன்னால் இரட்டைச் சுழி கிடையாது. தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு எழுத்தோடு ஒட்டியே வரும். ணா, றா, னாவிலும் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து சுழிந்திருக்கும். ணொ, றோ வகையறாவையும் சேர்த்தால் மொத்தம் 13 எழுத்துகள். இவற்றை மாற்றி அரசாணை வந்தது 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி. ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் மாறிவிடவும் இல்லை. காசு போட்டு வாங்கிய எழுத்தை யார் தூக்கி எறிவார்கள்?

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பெரியார் 1935இலேயே தம் ‘குடிஅரசு’ இதழில் இந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார். ஆகவே 1952இல் ஒரு பாத்திரம் பெரியாரின் ‘விடுதலை’ நாளிதழைப் பிரித்துப் படித்தால் அதில் புதிய லை இருப்பதுதான் சரி. அங்கே பழைய லையைப் போட்டால் அதுதான் தப்பு! மேசையில் கிடக்கும் பத்திரிகையின் எழுத்தைக் காட்டியே அந்த வீட்டுக்காரரின் அரசியலைச் சொல்லிவிடலாம். இப்படி ஒரு வசதி கையில் இருந்தும் யாரும் பயன்படுத்துவதில்லை.

தப்பு எங்கே நடக்கிறது என்பதும் தெரிந்ததுதான். கலை இயக்குநரின் ஆள் கணினியில் தட்டுகிறார். சாதாரண எழுத்துருக்களில் பழைய வடிவமே கிடையாது, அதனால் வந்ததை அச்சடித்துப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். அதன் மேல் மண்ணைத் தேய்த்துப் பழசாக்கினால் 1952 வந்துவிடுமா? இன்னொன்று, தூரிகையால் எழுதிய பலகையில் ஒரே வரியில் வரும் இரண்டு ‘க்’ அச்சடித்தாற்போல் இருக்காது.

வயதான பலகை ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டால் ஒரு நாள் வேலை. மாதிரி வேண்டுமானால் சென்னை தரமணியில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் உள்ள ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் வீட்டில் தாத்தா பாட்டியின் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுக்கலாம்.

“இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள்?” என்கிறான் மகன். 1978க்கு முன் பள்ளியில் ‘அ, ஆ’ படித்த எல்லோரும்தான்.