கச்சான் காலக் குறிப்புகள்

மே 27, 2025, செவ்வாய்

லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடர் (WSOP) இன்று தொடங்கிவிட்டது. ஹோர்ஸ்ஷூ, பாரிஸ் இரண்டு ஹோட்டலிலுமாக வெல்கிறவனுக்குக் கையில் போடுகிற நூறு காப்புக்கு நூறு சுற்றுப்போட்டி, ஜூலை 16 வரை. எங்களுக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: 10,000 டொலர் கட்டி ஆடுகிற மெயின் இவென்ட். ஜூலை 2. இன்னும் 36 நாள்.

இரவு, அதை ஆடப்போகிற மருமகப் பெடியனுடைய செய்தி: "60,000 சிப்ஸ் தாறாங்கள் மாமா. 300 பிளைண்ட். ஆறுதலா விளையாடலாம்."

பிளைண்ட் என்றால் காட்ஸ் பார்க்க முதலே இரண்டு பேர் கட்டாயமாய்ப் போடுகிற சிப்ஸ், சின்னது ஒன்று, பெரியது ஒன்று. அவன் எண்ணினது பெரியதை. அந்த "ஆறுதலா" எனக்குப் பிடிக்கவில்லை.

மே 28

பின்னேரம் முழுக்கக் கரண்ட் இல்லை. கச்சான் காற்று பிடித்துவிட்டது.

மே 30, வெள்ளி

கொப்பியில் எழுதிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் பிளைண்ட் 100/200, அதோடு ஆன்டி என்ற இன்னொரு கட்டாயத் தொகை 200. ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்று சும்மா இருந்தாலே 500 போகும். 60,000 என்றால் 120 சுற்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த விலை முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும்.

காட்ஸ் கையால் பகிர்கிற மேசையில் மணித்தியாலத்துக்கு 25, மிஞ்சினால் 30 ஆட்டம். ஒரு கட்டம் இரண்டு மணித்தியாலம். 50 இலிருந்து 60 ஆட்டம். அதாவது ஒரு கட்டத்துக்கு ஆறு சுற்று, அவ்வளவுதான். பிளைண்ட் 1,000/2,000 ஆகி ஆன்டியும் 2,000 என்றால் ஒரு சுற்றின் விலை 5,000. அப்போது கையில் 30,000 இருந்தால் 15 பிளைண்ட், ஆறு சுற்று. பதினைந்து பிளைண்டின் ஆயுள் ஒரு கட்டம். இதை அறைச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னேன். சிரித்தான்.

ஆன்டி விசயம் வேறு. முந்தி ஆளுக்கு ஆள் போட்டார்கள். இப்போது பெரிய பிளைண்டில் இருக்கிறவன் மேசை முழுவதுக்கும் சேர்த்துப் போடுகிறான். சில்லறை பொறுக்கிற நேரம் மிச்சம். ஆனால் சிப்ஸ் குறைந்தவனுக்கு அது கத்தி: ஐந்து பிளைண்ட் வைத்திருக்கிறவனுக்கு அந்த ஒரு இடத்தில் இரண்டு போய்விடும். பெரிய பிளைண்ட் தன்னிடம் வருவதற்கு முதல் ஆட்டத்திலேயே, ஓரளவு கை வந்தால் முழுவதையும் தள்ளிவிட வேண்டும். "அடுத்ததில் நல்லது வரும்" என்று பொறுக்கிறவனுக்கு அடுத்தது மூன்று பிளைண்டோடுதான் வரும். மூன்றைக் கண்டு ஒருத்தரும் பயப்பட மாட்டார்கள்.

ஜூன் 2

304 என்ற எங்கடை காட்ஸ் ஆட்டம் ஆடி வளர்ந்தவன் போக்கர் மேசைக்குக் கொண்டுபோகிற வியாதிகளைக் குறித்து வைக்கிறேன்.

304 இல் 32 காட்ஸ். ஜக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனமும் 304. எல்லாம் கடைசியில் மேசைக்கு வந்தே தீரும். கணக்கு வைத்திருக்கிறவனுக்குக் கடைசி மூன்று பிடியில் ஒளிவுமறைவில்லை. போக்கரில் 52. ஒன்பது பேர் கையில் 18, நடுவில் 5, மிச்சம் வெளியே வரவே வராது. கையில் இருந்ததிலும் முக்கால்வாசி முகம் காட்டாமல் கட்டுக்குள் போய்விடும். எங்கடை ஆட்களால் இதைத் தாங்க ஏலாது. "என்னத்தை வைச்சிருந்தவன் எண்டு பாப்பம்" என்று, நடுவில் கடைசிக் காட்ஸ் விழுந்த பிறகு ஒரு கோல், அதாவது எதிராளி போட்ட அளவுக்குத் தானும் போடுவது. சுற்றுப்போட்டியில் ஆகக்கூடச் சிப்ஸ் தின்கிற செலவு இந்தப் புதினம் பார்க்கிற செலவுதான்.

இரண்டாவது, பாட்னர். நாலு காட்ஸைப் பார்த்து 160 புள்ளி எடுப்பேன் என்று கேட்கிறவன் எதிரில் இருக்கிறவனை நம்பித்தான் கேட்கிறான். அங்கே எதிரில் ஒருத்தரும் இல்லை.

மூன்றாவது, கேள்வி ஒருதரம் முடிந்தால் 304 இல் விலை நின்றுவிடும். போக்கரில் நாலு தரம் விலை கேட்பார்கள். முதல் தரம் மலிவாய் இருந்ததற்காக நாலாம் தரமும் வாங்க வேண்டுமென்று ஒரு சட்டமும் இல்லை.

ஜூன் 4

பெடியன் பெரிய பிளைண்டில் இருக்கும்போது அளவுக்கு மிஞ்சிக் காட்ஸைப் போட்டுவிட்டு விலகிப் போகிறான். அவன் அனுப்பிய 60 கையைப் பார்த்தேன். ஒருத்தன் 2.2 பிளைண்டுக்கு உயர்த்துகிறான். நடுவில் அரை, ஒன்று, ஆன்டி ஒன்று, அவனுடைய 2.2, மொத்தம் 4.7. இன்னும் 1.2 போட்டால் போதும். 5.9 இல் 1.2, அதாவது 20 சதவீதம் வெல்லக்கூடிய கை போதும். ஆன்டி இல்லாத காலத்தில் இதே கணக்கு 24.5. வெறும் 20 கேட்கிற இடத்தில் ஒரே இனத்துக் காட்ஸ் இரண்டை வீசுவது வீட்டுக் கூரையைக் கழற்றிக் கொடுக்கிற வேலை.

அதற்காக எல்லாத்தையும் பிடிக்கவும் கூடாது. பிளொப், அதாவது நடுவில் முதல் மூன்று காட்ஸ் விரித்த பிறகு, அந்த ஆசனம் எதிராளிக்கு முன்னால் பேச வேண்டிய இடம். கையில் உள்ள பெறுமதி முழுக்கக் கைக்கு வராது. கிங்-3 வேறு வேறு இனம் வந்தால் போகட்டும்.

ஜூன் 9, திங்கள்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். காட்ஸ் தொடவில்லை.

ஜூன் 10

பதினைந்து பிளைண்ட், ஒரு கட்டம்.

ஜூன் 12, வியாழன்

முறிகண்டியில் வாங்கிய கச்சான் கடலை நூறை எண்ணி நாலு குவியலாய் வைத்தேன், குவியலுக்கு 25. நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குத்தான் காசு: 50, 30, 20. எல்லாரும் சமம் என்பதால் ஒவ்வொருவனுடைய பெறுமதியும் 25.

இப்போது ஒருத்தன் முழுவதையும் தள்ளுகிறான். நான் கோல் பண்ணி வென்றால் என்னிடம் 50 கச்சான். ஆனால் பெறுமதி 50 இல்லை. முதலாவதாய் வர எனக்குப் பாதி வாய்ப்பு, இரண்டாவதாய் மூன்றில் ஒன்று, மூன்றாவதாய் ஆறில் ஒன்று. 25, 10, 3.33. கூட்டினால் 38.33. தோற்றால் பூச்சியம். 25 ஐ 38.33 ஆல் பிரித்தால் 65 சதவீதம். காசுக்கு ஆடுகிற மேசையில் 50 இருந்தால் பிடிக்கக்கூடிய கோல், இங்கே 65 கேட்கிறது.

ஏஸ்-கிங்கைக் கண்டால் நெஞ்சு விரிகிறது எல்லாருக்கும். அவன் காட்ஸைப் பார்க்காமலே தள்ளினான் என்று வைத்தாலும் ஏஸ்-கிங்குக்கு 65 தான். சோடி குயினோடு தள்ளியிருந்தால் 43. தள்ளுகிறவனுக்கோ மற்றவன் போட்டுவிட்டுப் போனாலே வெற்றி. ஆகவே காசுக் கோட்டடியில் தள்ளுகிறவனாய் இரு, பிடிக்கிறவனாய் இராதே.

மெயின் இவென்டில் இவ்வளவு கடுமை இல்லை, அதையும் சொல்ல வேணும். போன வருடம் 10,112 பேர், 1,517 பேருக்குக் காசு, கடைசிக் காசு 15,000. அந்தக் கோட்டைத் தாண்டுவதால் வருகிற லாபம், பின்னுக்கு இருக்கிற மில்லியன்களோடு பார்த்தால் சின்னது. ஒழுங்காய்க் கணக்குப் பார்க்கிறவன் அந்த நேரத்தில் இன்னும் கூடுதலான கைகளை ஆடுவான், குறைக்க மாட்டான். அப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லா மேசையும் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். குறைந்த சிப்ஸ்காரர் காட்ஸைப் பார்த்துப் பார்த்து நேரம் கடத்துவார்கள். பெரிய குவியல்காரன் ஒவ்வொரு தரமும் உயர்த்துவான். 40 பிளைண்ட் வைத்திருக்கிறவன் பயப்பட வேண்டியது 80 வைத்திருக்கிறவனுக்கு. 8 வைத்திருக்கிறவனுக்கு இல்லை. இது தலைகீழாய்த்தான் எல்லாருக்கும் படும்.

கச்சானைக் கோழி பாதி கொத்திவிட்டது.

ஜூன் 14

பட்டன் ஆசனத்தில், பின்னால் பிளைண்ட்காரர் இருவர் மட்டும் மிச்சமிருக்க, 10 பிளைண்டோடு தள்ளினால், 10 ஐப் பணயம் வைத்து 2.5 ஐ எடுக்கப் பார்க்கிறோம். கை சுத்தக் குப்பை என்றால் நூற்றுக்கு 80 தரம் இரண்டு பேரும் போட்டுவிட்டுப் போனால்தான் கட்டும். பிடிபட்டாலும் 35 சதவீதம் வெல்லக்கூடிய கை (ஒரே இனத்து 10-9 போல) என்றால் 50 தரம் போதும். எண்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் "எந்தக் கையோடை தள்ளுறது" என்ற கேள்விக்கு மறுமொழி. மனசு சொல்லுது என்று தள்ளுகிறவனுக்கு இது விளங்காது.

ஜூன் 17

நாலு நாளாய் அவன் தொலைபேசி எடுக்கவில்லை. வாய்க்காலில் தண்ணி விட்டிருக்கிறார்கள்.

ஜூன் 19

எடுத்தான். பங்குக் கதை: கட்டணத்தைச் சொந்தக்காரருக்குப் பங்காய் விற்று, வென்றால் அந்த விகிதத்தில் கொடுப்பது.

10,000 இல் ஒரு சதவீதம் 100 டொலர். 1.2 பெருக்கி விற்றால் 120. சொந்தத்துக்குள் பெருக்கி விற்பது எனக்குச் சரியாய்ப் படவில்லை, ஆனால் அறை வாடகையும் விமானமும் அவன் தலையில் என்பதும் உண்மை. 5 சதவீதம் எடுத்த ஒவ்வொருவருக்கும் எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். முக்கியமானது ஒன்று: கணக்கு வரிக்கு முன்னா, பின்னா? கனடாக்காரன் வென்றால் அமெரிக்கா 30 சதவீதம் பிடிக்கும். பிடிப்பது அவன் பேரில். தோற்ற போட்டிகளின் ரசீது இருந்தால் அடுத்த வருடம் கணக்குக் காட்டி ஓரளவு திருப்பி எடுக்கலாம். கனடாவோடு உள்ள உடன்படிக்கையில் அதற்கு இடமிருக்கு. திரும்பி வருகிற காசு ஆருடையது? அதையும் இப்பவே எழுத வேணும். வென்ற பிறகு எழுதுகிற கடதாசியில் சண்டை மட்டும்தான் இருக்கும்.

அதோடு, 10,000 இல் பரிசுக்குப் போவது 9,300. போன வருடம் சேர்ந்த 94,041,600 டொலர் அப்படி வந்தது. முதல் பரிசு 10 மில்லியன். 2023 இல் அதைவிடக் குறைந்த ஆட்கள், 10,043 பேர், ஆனால் முதல் பரிசு 12.1 மில்லியன். உச்சியை வெட்டிக் கீழே பரவினார்கள். நல்ல வேலை.

ஜூன் 22

சட்டங்கள். இதில் தோற்கிறவன் காட்ஸால் தோற்கிறதில்லை.

ஒன்றும் சொல்லாமல் பெரிய சிப் ஒன்றை வைத்தால் அது கோல், உயர்த்தல் இல்லை. ஆகவே முதலில் வாயால் தொகை சொல்லு, பிறகு கை வை. சொன்ன சொல் கட்டும். சிப்ஸை இரண்டு தரமாய்த் தள்ளினால் இரண்டாவது செல்லாது. பெரிய சிப்ஸை முன்னுக்குத் தெரிய வை. காட்ஸுக்கு மேல் ஒரு பாரம் வை. காட்ஸ் பகிர்கிற டீலர் வழித்து எடுத்துவிட்டால் திரும்பி வராது. முதலாம் ஆசனம், ஒன்பதாம் ஆசனம் என்றால் இன்னும் கவனம், டீலரின் கைக்குக் கிட்ட.

ஆட்டம் நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும். பார்க்க வருகிற சிநேகிதர்கள் பின்னால் நின்று தமிழில் கதைத்தால் தண்டனை இவனுக்கு வரக்கூடும். 304 இல் தொண்டையைச் செருமிச் சாடை காட்டிப் பழகினதுகள். தூர நிற்பது நல்லது.

ஒரு தரம் வெளியேறினால் முடிந்தது. திரும்பக் காசு கட்டி உள்ளே வர வழியில்லை.

ஜூன் 25

எந்த நாள் என்று இரண்டு மணித்தியாலம். முதல் நாள் நாலாய்ப் பிரிந்திருக்கு: ஜூலை 2, 3, 4, 5. கடைசி நாளில்தான் சனம் நெரியும். 3 ஆம் திகதி ஆடினால் இடையில் இரண்டு நாள் ஓய்வு, 6 இல் இரண்டாம் நாள். 3 என்று முடிவு.

வெளியே 40 பாகைக்கு மேல், மண்டபத்துக்குள் ஏசி நடுங்க வைக்கும், கம்பளிச் சட்டை. இடைவேளைக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரம் எழும்புவார்கள், ஆகவே கழிப்பறைக்கு ஓர் ஆட்டம் முந்தி எழும்பு. கடவுச்சீட்டு, சீசர்ஸ் உறுப்பினர் அட்டை முதல் நாளே ஒழுங்கு பண்ணு. 10,000 டொலருக்கு மேல் காசைக் கையில் கொண்டுபோனால் எல்லையில் சொல்ல வேணும். சொல்வதற்கு வரி இல்லை, மறைத்தால் முழுக்கப் பறிபோகலாம்.

ஜூன் 28

அக்கா எடுத்து 2003 கதை சொன்னா. கணக்காளர் ஒருத்தர், கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டொலர் கட்டி இடம் பிடித்து, 839 பேர் ஆடிய போட்டியில் வென்று 2.5 மில்லியன் எடுத்தார். எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். 839 என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை.

நூற்றுக்கு 85 பேர் ஒன்றுமில்லாமல் வருவார்கள். சோடிக்கு மேல் பெரிய சோடி என்றால் 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூட. அப்படி நல்ல இடத்தில் மட்டும், ஐந்து தரம் முழுவதையும் வைத்தால் 80 என்றே வைத்தால் ஐந்தும் வெல்ல 33 சதவீதம். பிழையே விடாதவனுக்கு இது. அக்காவுக்கு இதைச் சொல்லவில்லை.

ஜூன் 30

காற்று நிற்கவே இல்லை. பாலைப்பழம் வந்திருக்கு, அவனுக்குப் பிடிக்கும்.

ஜூலை 2, புதன்

அங்கே நண்பகல் 12 என்றால் இங்கே இரவு 12.30. ஐந்து கட்டமும் இடைவேளையும் சேர்த்து இங்கே அடுத்த நாள் மத்தியானம் ஒரு மணி வரை போகும். பவர் பாங்க் இரண்டும் ஏற்றியாச்சு.

சுவரில் ஒட்டினானா என்று கேட்டேன். தொலைபேசியின் முகப்பில் போட்டிருக்கிறானாம். ஆட்டத்துக்குள் தொலைபேசி எடுக்க ஏலாதே.

ஜூலை 4, அதிகாலை 12.20

நாலாம் ஆசனம். இடப்பக்கம் ஆர் என்று கேட்டேன், பெடியனுக்குப் பிறகு பேசுகிறவன் அவன்தான். பத்து மணித்தியாலமும் அவனோடுதான் தொல்லை.

"கதிரை வெறுமையா கிடக்கு மாமா. அவன் இன்னும் வரேல்லை."