எமென்தாலுக்குப் போன கல்லடிக் கலியாணம்

என் கலியாணம் 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் மட்டக்களப்புக் கல்லடியில், அம்மம்மா அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவில் நடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி அந்த வளவும் வீடும் பெண்வழியிலேயே இறங்கிவரும். கலியாணம் முடித்த ஆண்மகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பிள்ளைகள் தாயின் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தை, சேர்வார்கள். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், சுவிற்சர்லாந்தின் குடிசார் பதிவேட்டுக்கு என் கலியாணம் "வெளிநாட்டில் நடந்த திருமணம்" என்பதும், அது போய்ச் சேர வேண்டிய இடம் நான் அதுவரை பெயரையே கேள்விப்பட்டிராத, பேர்ண் மாநிலத்தின் எமென்தால் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சிறிய ஊர் என்பதும்தான்.

என் கணவர் பிறந்தது களுவாஞ்சிக்குடியில். நான்கு வயதில் பெற்றோருடன் சுவிஸுக்குப் போனவர், பேர்ண் மாநிலத்தில் வளர்ந்து அங்கேயே குடியுரிமை பெற்றவர். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் எழுதப்படுவதில்லை என்பதை அவருடைய கடவுச்சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்த அன்றுதான் அறிந்தேன். அந்த இடத்தில் "ஹைமாட்ஓர்ட்" என்று ஒன்று இருக்கிறது. பூர்வீக ஊர் என்று சொல்லலாம். சுவிஸ்காரர் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டியதில்லை, வாழ வேண்டியதில்லை, ஒருமுறை போய்ப் பார்த்திருக்கவும் வேண்டியதில்லை. அவருடைய குடும்பம் எந்த ஊரின் குடியுரிமையைக் கொண்டதோ அதுவே அவருடைய ஊர். குடியுரிமை பெற்றவர்களுக்கு அதை வழங்கிய ஊர். என் கணவருக்கு அது அந்த எமென்தால் ஊர்; வேலை காரணமாகச் சூரிச் மாநிலத்து வின்டர்தூருக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகளாகியும் அவருடைய ஹைமாட்ஓர்ட் மாறவில்லை. அம்மம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது அவர் சிறிதும் வியக்கவில்லை. "அப்ப அது அவங்கட குடிதானே புள்ள," என்றார். நான் பின்னர் வாசித்த எந்த விளக்கக் குறிப்பும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

களுவாஞ்சிக்குடியில் பிறந்தவர், எங்கள் பேச்சிலேயே பேசுபவர், சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டவர். வெளிநாட்டவரை மணக்கும் இலங்கையர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை 2022 ஜனவரி 1ஆம் திகதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அத்தகைய பதிவை மேலதிக மாவட்டப் பதிவாளரே செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்ததால், ஊர் விவாகப் பதிவாளர் மணவறைக்குப் பக்கத்தில் மேசை போட்டு எழுத்து வைக்கும் காட்சி எங்கள் வீட்டில் இல்லாமற் போயிற்று. எழுத்து, அதாவது விவாகப் பதிவு, ஒரு புதன்கிழமை பிரதேச செயலகத்தில் நடந்தது; ஒன்பது நாட்களுக்குப் பின் தாலி கட்டினார். மாமிக்கு இந்த வரிசை பழக்கமானதுதான், ஏனெனில் சுவிஸில் குடிசார் திருமணம் முடியாமல் சமயச் சடங்கு நடத்த சட்டம் இடம் கொடுப்பதில்லை. அம்மாவோ, அந்த ஒன்பது நாளும் தன் மகள் கலியாணம் முடித்தவளா முடிக்காதவளா என்று தெரியாமல் மாப்பிள்ளையை வாசலோடு நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

கலியாணம் முடிந்து இரண்டு வாரத்தில் அவர் வின்டர்தூருக்குத் திரும்பிவிட்டார். மட்டக்களப்புக்கு வந்தவர்களைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் சொல்லும் கதைக்கு எங்கள் வீடு அவ்வளவாகப் பெருமை சேர்க்கவில்லை. ஒட்டிக்கொண்டது நான்தான், கடதாசிகளோடு.

வெளிநாட்டில் கலியாணம் முடிக்கும் சுவிஸ் குடிமகன் அதை அந்த நாட்டிலுள்ள சுவிஸ் தூதரகத்தில் அறிவிக்க வேண்டும். தூதரகம் ஆவணங்களைச் சரிபார்த்து, மொழிபெயர்ப்போடு அவருடைய ஹைமாட்ஓர்ட் இருக்கும் மாநிலத்தின் மேற்பார்வை அதிகாரசபைக்கு அனுப்பும். வெளிநாட்டு ஆவணத்தை ஏற்று பதிவேட்டில் ஏற்றும்படி கட்டளையிடும் அதிகாரம் அந்தச் சபைக்கே உண்டு. ஆகவே அவர் வாழும் சூரிச் மாநிலத்துக்கு இதில் முதற்கட்டத்தில் வேலையே இல்லை. கல்லடியிலிருந்து கடதாசி கொழும்புக்கும், கொழும்பிலிருந்து பேர்ணுக்கும் போக வேண்டும். அதற்கு முன்னதாகப் பிறப்புச் சான்றிதழையும் விவாகச் சான்றிதழையும் எடுத்து, பத்தரமுல்லையில் பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும் பின்னர் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. என்னிடம் இருந்த பிறப்புச் சான்றிதழ் சாதாரண தரப் பரீட்சைக்காக எடுத்தது. ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதி வேண்டும் என்றார்கள். "பிறந்ததுக்கும் திகதி முடியுமா?" என்று அம்மா கேட்டார். விதானையாரிடம் கேட்டுப் பார்த்தோம், அவரும் சிரித்தார்.

நான் இந்தக் கடதாசிகளைச் சேர்த்த மாதங்கள், இலங்கையில் கடதாசியே இல்லாத மாதங்கள். அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகள் கடதாசித் தட்டுப்பாட்டால் பரீட்சைகளைத் தள்ளிவைத்தன; மாத முடிவில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. நகரத்தில் போட்டோப் பிரதி எடுக்கும் கடைக்காரர், மின்சாரம் வரும் நேரத்தைப் பலகையில் எழுதி வைத்திருப்பார். அந்த நேரத்துக்குக் கல்லடிப் பாலத்தைக் கடந்து போய்ச் சேர வேண்டும், அதற்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இருக்க வேண்டும். பெரும்பாலும் நடந்தே போனேன். கொழும்புக்கு மூன்று முறை இரவு ரயிலில் போய்வந்தோம். விடியற்காலையில் கோட்டையில் இறங்கி, ரயில் நிலையக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வரிசைக்குப் போவோம்.

மூன்றாவது பயணம் ஓர் எழுத்தினால் வந்தது. அப்பாவின் பெயரின் நடுவில் வரும் "த"வை என் கடவுச்சீட்டில் 'ரி', 'எச்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளால் எழுதியிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் 'எச்' தேவையில்லை என்று விட்டுவிட்டார். தமிழில் ஒரே எழுத்து, ஒரே மனிதர். ஆனால் தமிழ் தெரியாத கண்ணுக்கு அவர்கள் இரண்டு தகப்பன்மார். மொழிபெயர்ப்பைத் திருத்தியதோடு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் அப்பா சத்தியக்கடதாசியும் கொடுத்தார். தன் பெயருக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டி வந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, அதிலுள்ளபடியே எழுதச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை வராது. எனக்கு அதை முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

பேர்ணிலிருந்து பதிவு முடிந்தது என்ற செய்தி வர ஐந்து மாதமாயிற்று. அதன் பிறகு விசா, பயணம் எல்லாம் விரைவாகவே நடந்தன. வந்து இறங்கியவர்கள் 14 நாட்களுக்குள் தாம் வாழும் இடத்து நகரசபையில் பதிய வேண்டும். இங்குள்ள தமிழர் அதைக் "கெமைண்டே" என்கிறார்கள். அங்கே யன்னலுக்கு அப்பால் இருந்த பெண் திரையைப் பார்த்து என் விபரங்களை வாசித்தார். கலியாணத் திகதியாக எழுத்து நடந்த புதன்கிழமை இருந்தது. தாலி கட்டிய நாள் எங்கும் இல்லை. கணவருக்கு நேரே ஹைமாட்ஓர்ட் இருந்த இடத்தில், வெளிநாட்டவளான எனக்கு நாட்டின் பெயர் மட்டும் இருந்தது. முன்பெல்லாம் சுவிஸ்காரரை மணந்த சுவிஸ் பெண்ணுக்குக் கணவனின் ஊர் சேர்ந்து வருமாம். 2013இலிருந்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரும் அவரவர் ஊருமே. அது எனக்கு உவப்பாகத்தான் இருந்தது. ஆனால் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் நின்றதால், தபாற்பெட்டிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் "திருமதி" என்று அப்பாவின் பெயருக்கே வருகின்றன. ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினேன். "நான் எப்ப பொம்பிளையானனான்?" என்று கேட்டு அப்பா குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

முதல் கோடையில் அந்த எமென்தால் ஊரைப் பார்க்கப் போனோம். ஒரு தேவாலயம், பால்பண்ணை, கூரை தரைவரை இறங்கிய பெரிய மரவீடுகள். நகரசபைக் கட்டடம் பூட்டியிருந்தது. என் கலியாணம் உள்ளே ஏதோ ஓர் அலமாரியில் இருக்கிறது என்ற நினைப்பில் யன்னலால் எட்டிப் பார்த்தேன். எல்லாம் கணினிப் பதிவு, இங்கே கடதாசி எதுவும் இராது என்றார் அவர். கதவுப்படியில் இருந்து தோசை சாப்பிட்டோம்.

இப்போது எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். தகப்பன் வழியால் அவளுக்கு அந்த எமென்தால் ஊரே ஹைமாட்ஓர்ட். கல்லடிக் கணக்கில் அவள் என் குடி, அம்மம்மாவின் குடி; கோயில் திருவிழாவில் எங்கள் குடிக்குரிய நாளில் அவள் பெயருக்கும் அருச்சனை நடந்துவிட்டது. இலங்கைக் குடியுரிமைக்கு அவளுடைய பிறப்பை ஓராண்டுக்குள் ஜெனீவாவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் பதியலாம் என்று அறிந்து, பழைய மண்ணிற உறையை எடுத்துப் பிரித்தேன். விவாகச் சான்றிதழின் கடைசிப் பிரதியையும் முன்பே எங்கோ கொடுத்து முடித்திருக்கிறேன். அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன்.

"நாளைக்கு விடிய ஏழு மணிக்கே போய்த் துண்டு எடுக்கிறன்," என்றார் அம்மா. "எத்தின கொப்பி வேணும், அத இப்பவே சொல்லு."