மெம்பர் அண்டர்ஸ்டுட்

கால் சென்டர் ஆடிட்ல 98 மார்க் வாங்குன போன் கால் அது. ரெண்டு மார்க் போனது எதுக்குன்னா, கஸ்டமர் பேரை மூணு தடவை சொல்லணுமாம், நான் ஒரு தடவைதான் சொன்னேனாம். மத்தபடி சூப்பர்னு ஃபீட்பேக். அதனாலதான் அந்த கால் இன்னும் தொண்டையில நிக்குதோ என்னவோ, ஃபேட்டல்னு பெரிய தப்பா போட்டு திட்டியிருந்தா அன்னிக்கே அழுதுட்டு மறந்திருப்பேன்.

2019 ஜனவரி. மெடிகேர் (அமெரிக்காவுல வயசானவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற மருத்துவ இன்சூரன்ஸ்) ப்ராசஸ்ல இருந்தவங்களுக்கு ஜனவரி பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. புது பிளான் 1ஆம் தேதி ஆரம்பிக்கும், போன வருஷம் கிடைச்ச மாத்திரை இந்த வருஷம் கிடைக்கலன்னு அமெரிக்காவுல இருக்குற தாத்தா பாட்டி எல்லாரும் ஒரே நேரத்துல போன் போடுவாங்க, பொங்கலுக்கு லீவ் கேட்டா டிஎல் (டீம் லீடர்) சிரிப்பாரு. நைட் ஒரு மணி இருக்கும், அவங்களுக்கு மத்தியானம் ரெண்டரை, ஒருத்தர் லைன்ல வந்தாரு. பேர், பிறந்த தேதி, மெம்பர் ஐடி எல்லாம் வெரிஃபை பண்ணிட்டேன், 74 வயசு. எந்த மருந்து சார்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "தப்பா நினைச்சுக்காத யங் லேடி, அங்க ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா பேசுறதுக்கு?"ன்னாரு.

இங்கதான் முதல் தப்புன்னு ஒரு நாள் தோணும். பக்கத்து சீட்லயே ரெண்டு பசங்க இருந்தாங்க, மாத்தி குடுத்திருக்கலாம். ஆனா டிரான்ஸ்ஃபர் பண்ணா என் பேர்ல ஏறும், அதுவும் இல்லாம அந்த பசங்க எப்படின்னு எனக்கு தெரியும். டிரெய்னிங்ல பார்ட் டி-ல, அதாவது மெடிகேரோட மருந்து இன்சூரன்ஸ்ல, கவர் ஆகாத மருந்துன்னு ஒரு ஸ்லைடு வந்துச்சு: எடை குறைய, முடி வளர, இருமல் சளிக்கு, விட்டமின், கடைசி வரியில ஆண்மைக்குறைவுக்கு. அந்த வரி வந்ததும் பின் பெஞ்ச்ல ஒரே சிரிப்பு, லாட்ஜ்ல ரூம் போட்டு வைத்தியம் பாக்குறவரோட விளம்பரத்தை ஒருத்தன் அப்படியே குரல் மாத்தி பேசி காட்டுனான், டிரெய்னரும் சிரிச்சுட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாரு. நமக்கு இந்த விஷயம் தெரியுறதே சுவத்துல ஒட்டுன நோட்டீஸ்லயும் ராத்திரி டிவியிலயும்தானே. அதனால "நானே ஹெல்ப் பண்றேன் சார்"ன்னு சொன்னேன். அது சரியான முடிவுன்னுதான் இப்பவும் நினைக்கிறேன், பாதி நாள்.

சில்டெனாஃபில், அதாவது வயாகரா மருந்து. ரெண்டு வருஷம் முன்னாடி ப்ராஸ்டேட் கேன்சர், ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க, அதுக்கு அப்புறம் டாக்டர் எழுதுனது. போன வருஷம் பூரா இன்சூரன்ஸ்லயே வந்துச்சு, இப்ப ஃபார்மஸியில ரிஜெக்ட்ங்குறாங்கன்னு சொன்னாரு. ஸ்க்ரீன்ல பாத்தா ஏ5ன்னு ரிஜெக்ட் கோட், பார்ட் டி சட்டப்படி கவர் இல்ல. நானும் ஸ்க்ரிப்ட்ல இருக்குறதை சொன்னேன், சட்டப்படி மெடிகேர் இந்த மருந்துக்கு பணம் குடுக்க முடியாது சார்னு. அவர் ரொம்ப பொறுமையா, "சட்டம் இந்த வருஷம் மாறிடுச்சா?"ன்னு கேட்டாரு.

சட்டம் மாறல. அதுக்கான பதில் ரெண்டே வாக்கியம். சாதாரண பார்ட் டி-ல இதை சேக்கக்கூடாது, ஆனா என்ஹான்ஸ்டுங்குற கூடுதல் பிளான்ல கம்பெனி தன் இஷ்டத்துக்கு எக்ஸ்ட்ரா பெனிஃபிட்டா குடுக்கலாம். போன வருஷம் உங்க பிளான்ல அது இருந்துச்சு, இந்த வருஷம் பிரீமியம் கம்மின்னு நீங்க மாத்துன பிளான்ல அது இல்ல. அவ்ளோதான். இப்ப தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்வேன். அன்னிக்கு வாயில வரல, அரைகுறையா தெரியும், ஸ்லைடுல இருந்திருக்கும், சிரிப்புல போயிடுச்சு. டைமர் ஆறு நிமிஷத்தை தாண்டுது, டெட் ஏர், அதாவது லைன்ல மௌனம், விடக்கூடாது, கொஞ்சம் இதமா சொல்லலாம்னு நினைச்சு நானா ஒரு வரி சேத்தேன். "இது மெடிக்கலி நெசசரியா கருதப்படுறதில்ல சார்."

அது தப்பான தகவல். தேவையா இல்லையான்னு அவர் கேஸை யாரும் பாக்கவே இல்ல, அந்த உபயோகத்துக்கே மொத்தமா கதவை சாத்தியிருக்காங்க. ஆனா சொல்லிட்டேன். லைன்ல தூரத்துல ஒரு பொம்பளை குரல், என்ன சொல்றாங்கன்னு கேக்குது. இவர் போனை லேசா விலக்கி வெச்சிருப்பாரு போல, ஆனாலும் எனக்கு தெளிவா கேட்டுச்சு.

"அவசியமில்லையாம்."

அந்தம்மா ஒண்ணுமே பேசல. நான் "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"ன்னு கேட்டேன். இல்லம்மா, நல்லா பொறுமையா பேசுன, தேங்க்ஸ்னு வெச்சுட்டாரு.

அன்னிக்கு போகி. காலையில கேப்ல வரும்போது ஓஎம்ஆர் பூரா புகை, முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட் மட்டும்தான் தெரியுது, டிரைவர் அண்ணா கண்ணாடியை துடைச்சு துடைச்சு ஓட்டுறாரு, நான் போன்ல இதைத்தான் தேடிட்டு இருந்தேன். பார்ட் டி 2006ல ஆரம்பிச்சப்போ இந்த மாத்திரைக்கும் பணம் குடுத்திருக்காங்க, ஒரே ஒரு வருஷம். 2007 ஜனவரியில இருந்து கிடையாது. அதுக்கு முன்னாடி 2005ல, பாலியல் குற்றவாளிங்க சில பேருக்கு நியூயார்க்ல ஏழைங்களுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிகெய்ட் வயாகரா வாங்கி குடுத்துருக்குன்னு ஆடிட்ல வெளிய வந்து ஊரே கொதிச்சிருக்கு. அந்த அக்டோபர்லயே சட்டம். கத்ரினா புயல்ல வேலை போனவங்களுக்கு உதவி பண்ற அதே சட்டத்துலதான் இந்த வரியையும் சேத்து விட்டிருக்காங்க. யாரோ பண்ண தப்புக்கு கேன்சர் வந்து பொழச்சவரோட மாத்திரை போச்சுன்னு எனக்கு கோவம் வந்துச்சு, வசதியான கோவம்தான், என் வாயில வந்த வார்த்தையை அமெரிக்க காங்கிரஸ் சொல்லல.

இன்னொண்ணும் படிச்சேன், மாத்திரைக்கு கவர் இல்ல, ஆனா டாக்டர் தேவைன்னு சொன்னா உள்ள இம்பிளான்ட் வைக்கிற ஆபரேஷனுக்கு மெடிகேர் பணம் குடுக்கும். வெளிய வைக்கிற வாக்யூம் பம்புக்கு கூட 2015 வரைக்கும் குடுத்துட்டு நிறுத்திட்டாங்க. கத்தி வெச்சா அவசியம், முழுங்குனா அவசியமில்ல. இதை அவர்கிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரா, இன்னும் நொந்திருப்பாரான்னு தெரியல.

சில பேர் நேராவே கேப்பாங்க, டாக்டர் என்ன எழுதுனா நீங்க பணம் குடுப்பீங்கன்னு. அதுக்கு பதில் சொன்னா வேலை போகும், போகவும் வேணும், ஃப்ராடு அது. சில்டெனாஃபில் 20 மில்லிகிராம் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்குன்னா பார்ட் டி-ல வரலாம், டடலாஃபில் 5 மில்லிகிராம் ப்ராஸ்டேட் வீக்கத்துக்குன்னா சில பிளான்ல வரும். இவர் அப்படி எதுவும் கேக்கல. கேட்டிருந்தாலும் பிரயோஜனமில்ல, வீங்குறதுக்கு ப்ராஸ்டேட்டே இல்லையே அவருக்கு. அப்படி ஒரு கணக்கு போட்டு, நான் மறைச்சதால அவருக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லன்னு மனசை தேத்திக்கிட்டேன் ரொம்ப நாள்.

ஆனா ஒண்ணு இருந்துச்சு. ஜெனரிக் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு, விலை நல்லா இறங்கியிருந்த நேரம். "இன்சூரன்ஸ் போடாம கேஷ் விலை என்னன்னு ஃபார்மஸியில கேட்டு பாருங்க சார்"ன்னு ஒரு வரி. டிஎல்கிட்ட அப்புறமா கேட்டேன், அது நம்ம வேலை இல்லம்மான்னாரு. க்வாலிட்டில இருந்த அக்கா, தள்ளுபடி கார்டு பேரு கடை பேரு சொல்லாம பொதுவா சொன்னா தப்பில்லடின்னாங்க. ரெண்டு பேருமே எழுத்துல காட்டல. நான் அடுத்த நாள்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சேன், ஒருத்தரும் மார்க் குறைக்கல, கூட்டவும் இல்ல.

இப்ப நான் புது பேட்ச்சுக்கு டிரெய்னிங் எடுக்குறேன். ஸ்க்ரிப்ட்ல இல்லாத வார்த்தையை சொந்தமா சேக்காதீங்கன்னுதான் சொல்லி குடுக்குறேன். அதே வாயால, ஸ்க்ரிப்ட்ல இல்லாட்டியும் கேஷ் விலை கேக்க சொல்லுங்கன்னும் சொல்றேன். போன மாசம் ஒரு பையன், ரெண்டுல எது மேம்னு கேட்டான். டீ பிரேக் விட்டுட்டேன்.

திரும்ப கூப்பிட்டு நான் சொன்னது தப்பு சார்னு சொல்லியிருக்கலாம்தான். அவுட்பவுண்ட், அதாவது நாமளா கூப்பிடுறது, நமக்கு கிடையாது, நம்பரை எழுதி வெக்கவும் கூடாது, எல்லாம் உண்மை. டிஎல்கிட்ட சொன்னா அவர் பண்ணியிருப்பாரு, அதுவும் உண்மை, ஆனா 98 போயிடும். கால் முடிஞ்சதும் நான் அடிச்ச நோட்ஸ் இன்னும் அந்த சிஸ்டம்ல கெடக்கும். மருந்து கவர் இல்லன்னு சொல்லியாச்சு, மெம்பர் அண்டர்ஸ்டுட். எல்லா காலுக்கும் அப்படித்தான் அடிப்போம்.