ஸ்குவெல்ச் எங்க?

மாங்குளம் தேத்தண்ணிக் கடையில, புதுசா வந்த 10 மீற்றர் அலைநீளத்தில கதைக்கிற எக்ஸ்போர்ட் ரேடியோ செட்டின்ர படத்தைச் சிநேகிதன் போனில காட்டினான். கலர் ஸ்கிரீன், பள பளா.

“ஸ்குவெல்ச் எங்கயடா?” ஆரும் கதைக்காத நேரம் இரைச்சலை அடக்கிற திருகியைத்தான் கேட்டன்.

“மெனுவுக்குள்ள மச்சான்.”

அதோட ஆசை விட்டுப்போச்சு.

ஸ்குவெல்சும், சிக்னல் பிடிக்கிற உணர்திறனைக் கூட்டிக் குறைக்கிற ஆர்.எஃப் கெயினும் தனித்தனித் திருகியா, இருட்டில தடவினாலும் அம்பிடவேணும். செட் சூடேற அலைவரிசை நழுவக்கூடாது. எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில கதைக்கேக்க கொஞ்சம் விலகினாலே ஆளின்ர குரல் வாத்துக் கத்தின மாதிரி.

ஸ்பார்க் இரைச்சலை வெட்டிற நொய்ஸ் பிளாங்கரும் உருப்படியா வேணும். இல்லாட்டி பக்கத்தில ஓட்டோ ஸ்டார்ட் பண்ணினா ஸ்பார்க் சத்தம் மட்டும்தான் கேக்கும்.

செட் செய்யிற உவங்கள் அனுப்புற வலுவை, வோட்ஸைத்தான் கூட்டுறாங்கள்.

வன்னியில அன்ரனாக் கம்பி எண்டாலே சனம் இன்னும் ஒருமாதிரித்தான் பாக்கும். அமெச்சூர் ரேடியோ சோதினை பாஸ் பண்ணி, இலங்கைக்குரிய 4எஸ்7 அழைப்புக்குறி கிடைக்கட்டும், பிறகு விலை கேப்பம் எண்டன்.

அவன் அதுக்குள்ள 5 மீற்றர் நீள டைபோல் அன்ரனா கட்டப் பனை பாத்திட்டான்.