தபால் வாக்கும் காசும்

தபால் வாக்குக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்கு 2023 பெப்ரவரியை ஞாபகப்படுத்த வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலுக்காக இலங்கையில் 22, 23, 24ஆம் திகதிகளில் தபால் மூல வாக்களிப்பு என்று அறிவித்த பிறகு, காசு வராமல் வாக்குச்சீட்டு அச்சிட்டுத் தரமுடியாது என்று அரச அச்சகம் கைவிரிக்க, அது நின்றது, அதோடு மார்ச் 9 தேர்தலும் நின்றுபோனது. அச்சுக்கூலி, உறை, தபால், பொலிஸ் காவல், எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்தான். சரி, ஆனால் தேர்தல் அன்று வேறு ஊர் வாக்களிப்பு நிலையத்தில் கடமையில் நிற்கும் ஆசிரியை தபால் வாக்கு இல்லாமல் தன் வாக்கை எப்படிப் போடுவார்? அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6. அதுவரை இரண்டு வருடத்துக்கு மேல் அநேகமாக எல்லாப் பிரதேச சபைகளிலும் நாங்கள் தெரிவுசெய்த ஒருவருமே இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?