பீக்கன் ஹில்: செங்கல்லுக்காகத் தெருவில் உட்கார்ந்தவர்கள்

பாஸ்டனுக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து போகிற நம்மவர்கள் ஹார்வர்டைப் பார்ப்பார்கள், துறைமுகத்தில் தேயிலைக் கப்பலைப் பார்ப்பார்கள். பீக்கன் ஹில் என்ற பழைய மேட்டுக் குடியிருப்புக்குப் போனால் ஏகார்ன் தெருவில் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். உருண்டைக் கல் பதித்த அந்தச் சின்னத் தெரு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நகரத்தின் நட்டநடுவில், பொன்நிறக் கும்மட்டம் வைத்த மாநிலச் சட்டமன்றத்துக்குப் பின்னால், இருநூறு வருடத்துத் தெருக்கள் எப்படி இடிபடாமல் நிற்கின்றன என்று தெரிந்துகொண்டு நடந்தால் அந்த மேடு வேறு மாதிரித் தெரியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பார்க் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி மேடேறினோம். நடைபாதை முழுக்கச் செங்கல். மரவேர் முட்டி அங்கங்கே மேடு பள்ளமாக இருக்கிறது. கண்ணைக் கீழே வைத்துத்தான் நடக்க வேண்டும். அப்படிக் கீழே பார்த்து நடந்ததால்தான் வாசற்படியோரத்தில் இருந்த சின்ன இரும்புத் தகடுகள் கண்ணில் பட்டன. மண்ரோட்டில் நடந்து வந்தவர்கள் பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிவிட்டு உள்ளே போவதற்காக வைத்தவை. ஒன்று நடுவில் தேய்ந்து லேசாக வளைந்திருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் தெருவில் கேஸ் விளக்குகள் எரிகின்றன. பீக்கன் தெருவில் சில ஜன்னல்களில் கண்ணாடி ஊதா நிறம். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த கண்ணாடியில் மாங்கனீசு கலந்திருந்ததாம், வெயில் பட்டுப் பட்டு நிறம் மாறிவிட்டது.

இந்தச் செங்கல் நடைபாதைக்கு ஒரு கதை உண்டு. 1947-ல் மாநகராட்சி, செங்கல்லைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் போடலாம் என்று ஆட்களை அனுப்பியது. வெஸ்ட் சீடர் தெருப் பெண்கள் வெளியே வந்து செங்கல் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எழுந்திருக்கவில்லை. கடைசியில் மாநகராட்சிதான் இறங்கி வந்தது. இன்று நாம் நடப்பது அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த தரை.

அவர்கள் திடீரென்று கிளம்பியவர்கள் இல்லை. பீக்கன் ஹில் சிவிக் அசோசியேஷன் என்ற குடியிருப்போர் சங்கம் 1922-லேயே தொடங்கிவிட்டது. அதற்கும் முன்பாக, லூயிஸ்பர்க் சதுக்கத்தில் வீடு வைத்திருந்தவர்கள் நடுவில் இருக்கிற பூங்காவைப் பராமரிக்க 1844-ல் ஒன்றுகூடினார்கள். அமெரிக்காவின் முதல் வீட்டுக்காரர் சங்கம் அதுதான் என்று சொல்வார்கள். செங்கல் போராட்டம் முடிந்து எட்டு வருடத்தில், 1955-ல், மேட்டின் தெற்குச் சரிவைப் பாதுகாக்க மாநிலமே சட்டம் போட்டது. அதன்படி, தெருவிலிருந்து கண்ணில் படுகிற எதை மாற்றினாலும் கட்டடக்கலை ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஜன்னல், கைப்பிடிக் கம்பி, கதவின் நிறம் வரை. கதவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "என் வீடுதான், ஆனால் தெரு எல்லாருக்கும் சொந்தம்" என்றார். எரிச்சல் துளியும் இல்லை. நம் ஊரில் சொந்த வீட்டுக் கதவுக்கு என்ன நிறம் அடிக்க வேண்டும் என்று சங்கம் சொன்னால் யாராவது கேட்போமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

சரி, இதுவரை எல்லாம் நல்ல கதை. கேம்பிரிட்ஜ் தெருவுக்கு இறங்கினால் கதையின் மறுபாதி இருக்கிறது. அந்தத் தெருவைத் தாண்டினால் வெஸ்ட் எண்ட். அங்கேயும் நெருக்கமான செங்கல் வீடுகள்தான் இருந்தன. இத்தாலியர்களும் யூதர்களும் இன்னும் பல ஊர்க்காரர்களும் கூடி வாழ்ந்த இடம். ஸ்டார் டிரெக் புகழ் லியனார்ட் நிமாய் வளர்ந்தது அங்கேதான். நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 'சேரி' என்று முத்திரை குத்தி, 1958-லிருந்து இரண்டே வருடத்தில் தரைமட்டமாக்கினார்கள். ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. வீடுகள் இருந்த இடத்தில் வசதியானவர்களுக்கான உயரமான அடுக்குமாடிகள் வந்தன. அந்த மக்களும் கூட்டம் போட்டார்கள், எதிர்த்தார்கள். ஒரு தெருவுக்கு இந்தப் பக்கம் செங்கல்லுக்காக உட்கார்ந்தவர்களின் பேச்சு எடுபட்டது, அந்தப் பக்கம் வீட்டுக்காக நின்றவர்களின் பேச்சு எடுபடவில்லை. மேட்டில் இருந்தவர்களுக்குப் பணம் இருந்தது, வக்கீல் இருந்தார், சட்டமன்றத்தில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எனக்கு இதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

மேட்டுக்குள்ளேயும் அந்த வித்தியாசம் உண்டு. வடக்குச் சரிவில், 19-ஆம் நூற்றாண்டில், கறுப்பின மக்களின் பெரிய குடியிருப்பு இருந்தது. ஜாய் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் 1806-ல் அவர்கள் கட்டிய ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ் என்ற தேவாலயம் இன்றும் நிற்கிறது. அடிமைமுறையை எதிர்த்த நியூ இங்கிலாந்து சங்கத்தை 1832-ல் வில்லியம் லாயிட் கேரிசன் தொடங்கியது இங்கேதான். பிற்பாடு யூதர்களின் தொழுகைக்கூடமாக இருந்து, 1972-ல் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தது. உள்ளே மர பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மேட்டில் நான் அதிக நேரம் இருந்த இடம் அதுதான். தெற்குச் சரிவுக்கு 1955-ல் கிடைத்த சட்டப் பாதுகாப்பு இந்தச் சரிவுக்கு 1963-ல்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் தெருமுனைகளில் சக்கர நாற்காலிக்காகச் சரிவுப் பாதை அமைக்க மாநகராட்சி வந்தபோது, மேட்டின் குடியிருப்போர் சங்கம் நீதிமன்றம் வரை போனது. சரிவு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை; கான்கிரீட்டும், பார்வையற்றவர்களுக்காகப் பதிக்கும் பிளாஸ்டிக் பலகையும் பழைய தெருவுக்குப் பொருந்தாது என்றார்கள். இப்போது அந்தச் சரிவுகள் இருக்கின்றன. என் மாமியார் வாக்கர் பிடித்து நடப்பவர். மற்ற இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டே வந்தவர், அந்த முனைகளில் மட்டும் தனியாக ஏறி இறங்கினார். இந்த ஒரு விஷயத்தில் நான் மாநகராட்சி பக்கம்தான்.

போகிறவர்களுக்கு: முதலில் வெஸ்ட் எண்ட் அருங்காட்சியகத்தைப் பாருங்கள், ஸ்டானிஃபோர்ட் தெருவில் இருக்கிறது, சின்னதுதான். அப்புறம் கேம்பிரிட்ஜ் தெருவைக் கடந்து வடக்குச் சரிவு வழியாக மேலே ஏறுங்கள். ஏகார்ன் தெருவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அங்கே வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம். இறங்கும்போது சார்ல்ஸ் தெருப் பக்கம் வந்தால் காப்பிக்கடைகள் இருக்கின்றன, ரெட் லைன் ரயிலும் பக்கம். ஹீல்ஸ் செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.